கை படாத காசு

ஆடி இரண்டாம் வெள்ளிக்கு முந்தின நாள். மதுராந்தகத்தில் பெரியம்மா வீட்டில் பூஜைச் சாமான் தேய்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, கலசச் சொம்பு எல்லாம் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, கூடத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாயிற்று. கடைசியாகப் பெரியம்மா ஒரு சுருக்குப்பையை அவிழ்த்துத் தட்டில் கொட்டினார். ஏழு வெள்ளி ரூபாய். ஒன்று விக்டோரியா ராணி, ஒன்று தலையில் கிரீடம் இல்லாத எட்வர்டு, மீதி ஐந்தும் ஐந்தாம் ஜார்ஜ். ஒரு துணியில் விபூதியைத் தொட்டு முதல் காசை எடுத்தார்.

“அம்மா, தொடாத! கெடுத்துடாத!” என்று கத்திக்கொண்டே அண்ணன் மாடிப்படியில் இறங்கி வந்தார்.

“என்னடா கெடுக்கிறேன்? வருஷா வருஷம் தேய்க்கிறதுதானே. கறுத்துப்போன வெள்ளியை யாராவது சாமிகிட்ட வைப்பாங்களா?”

“அந்தக் கறுப்புக்குத்தாம்மா காசு.”

பெரியம்மா என்னைப் பார்த்தார். “நீதான் என்னமோ எழுதுறியே, நீ சொல்லு. அழுக்குக்கு எவனாவது காசு குடுப்பானா?”

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. பெண்ணுக்கு விடுதிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஏழு காசையும் படம் எடுத்துச் சென்னையில் பழங்காசு வாங்குகிற ஒருவருக்கு அனுப்பியிருந்தார். ஆறு காசுக்கு ஒரே பதில்: ‘தேய்த்த காசு, வெள்ளி எடைக்குத்தான் எடுப்பேன்.’ ஏழாவது, 1918ஆம் வருஷத்து ஜார்ஜ் ரூபாய். எப்போதோ ஒரு காகிதத்தில் மடித்து ரப்பர் பேண்டு போட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்து மறந்துபோனது. அந்த வருஷம்தான் கண்ணில் பட்டிருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி நீலம், உள்ளே போகப்போக ஊதா, அப்புறம் தேன் நிறம். ‘இதைத் தொடாமல் கொண்டுவாருங்கள்’ என்று பதில் வந்திருந்தது.

பெரியம்மாவின் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அழுக்குக்கு ஏன் காசு கொடுக்கிறார்கள்? பளபளப்புக்கு ஏன் கொடுப்பதில்லை? ஒரு காசைப் பார்த்து நல்லது, சுமார், மட்டம் என்று தரம் பிரிக்கும் கண் எதைப் பார்க்கிறது? அதுவும் ஒருவகை விமர்சனம்தான். நூலுக்கு விமர்சகர் செய்வதைத்தான் காசுக்கு கிரேடர் செய்கிறார். ஆகவே அந்த விமர்சனத்தையும் கொஞ்சம் விமர்சித்துப் பார்க்கலாம்.

*

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெரியம்மா தேய்த்து வரவழைப்பதும் சேகரிப்பாளர் ‘லஸ்டர்’ என்று சொல்வதும் வேறு வேறு.

நாணயசாலையில் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெள்ளித் தகட்டை வைத்து அழுத்தும்போது, உலோகம் ஒரு கணம் கெட்டியான பாகு மாதிரி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அப்படி நகர்ந்த தடம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளாகக் காசின் மேல் நின்றுவிடுகிறது. புதுக் காசை விளக்கின் கீழே சாய்த்துச் சுழற்றினால், வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்போல ஒளிப்பட்டைகள் அந்த வரிகளின்மேல் சுற்றி ஓடும். அதுதான் லஸ்டர். அது பிறக்கும்போது வருவது. நாலு பேர் கையில் புழங்கினாலே மேடான இடங்களில் அந்த வரிகள் தேய ஆரம்பிக்கும். போனால் திரும்பாது. விபூதி போட்டோ பல்பொடி போட்டோ தேய்த்தால் மேற்பரப்பு மினுங்கும், ஆனால் ஆரக்கால் ஓடாது. ஒளி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சிதறும். பழகிய கண்ணுக்கு அந்த மினுக்கு, வயசானவர் தலையில் அடித்த மை மாதிரி தெரியும்.

‘டோனிங்’ என்பது இன்னொரு கதை. வெள்ளிக்குக் கந்தகத்தின் மேல் ஒரு தீராத ஈர்ப்பு. காற்றில் துளிக் கந்தக வாயு இருந்தாலும் போதும், வெள்ளி அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு படலம் கட்டிக்கொள்ளும். முட்டை, கம்பளித் துணி, பழைய காகிதம், ரப்பர் பேண்டு எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. ஆரம்பத்தில் அந்தப் படலம் ஒளியின் அலைநீளத்தைவிட மிக மெல்லியது. மேலே பட்டுத் திரும்பும் ஒளியும் படலத்தைக் கடந்து கீழே வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதி, சில நிறங்கள் அழிந்து சில மிஞ்சும். மழை விட்ட பிறகு பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் விரிக்கும் வானவில்லும் இதே கணக்குதான். படலம் தடிக்கத் தடிக்க முதலில் வெளிர்மஞ்சள், பிறகு தேன், பிறகு ஊதாச் சிவப்பு, பிறகு நீலம் என்று நிறம் மாறும். கடைசியில் எல்லாவற்றையும் விழுங்குகிற கறுப்பு.

ஆக, லஸ்டர் என்பது காசு பிறந்த கணம். டோனிங் என்பது அது சும்மா கிடந்த காலம். இரண்டும் ஒன்றையொன்று அழிக்க வேண்டும் என்பதில்லை. படலம் மெல்லியதாக இருந்தால் நிறத்துக்கு அடியிலும் ஆரக்கால் ஓடும். அப்படிப்பட்ட காசுக்குத்தான் கிராக்கி.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கறுத்த காசை வெளுக்கச் சேகரிப்பாளர்களே அமிலக் கரைசலில் முக்கி எடுப்பதுண்டு, ‘டிப்’ என்பார்கள். படலமாக மாறியது அந்தக் காசின் சொந்த வெள்ளிதானே? படலம் கரையும்போது அந்த வெள்ளியும் கூடவே போகிறது. ஓரிரு முறை தாங்கும். திரும்பத் திரும்ப முக்கினால் ஒளி ஓடுவதற்கான வரிகளே கரைந்துவிடும். வெளிச்சத்துக்காகச் செய்தது வெளிச்சத்தையே கொன்றுவிடும்.

*

இன்றைக்கு உலகம் முழுக்கக் காசுக்குத் தரம் போடும் அளவுகோல் 1 முதல் 70 வரை ஓடுகிறது. அதை உருவாக்கியவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். மனித உடம்புகளை மூன்று வகையாகப் பிரித்து, உடல்வாகை வைத்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்று வாதிட்டவரும் அவர்தான். 1949ல் பழைய அமெரிக்க செம்புக்காசுகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் இந்த அளவுகோல் வருகிறது. தொடக்கத்தில் அது அழகின் அளவுகோல்கூட இல்லை, விலையின் அளவுகோல். மிக மட்டமான நிலையில் உள்ள காசு ஒரு மடங்கு விலை என்றால் மிக நேர்த்தியானது எழுபது மடங்கு, அவ்வளவுதான். விலைகள் பிறகு எங்கோ போய்விட்டன, எண்கள் நின்றுவிட்டன. 1986லும் 1987லும் அமெரிக்காவில் தொடங்கிய இரண்டு பெரிய தர நிறுவனங்கள் அந்த எண்ணை எழுதிக் காசைப் பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்து மூடின. நம் ஊர் விக்டோரியா ரூபாயும் இன்று அதே பேழைக்குள் அதே எண்ணோடு விற்கிறது.

ஷெல்டன் இறந்த பிறகு ஒன்று தெரியவந்தது. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல செம்புக்காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னிடமிருந்த மட்டமான காசுகளை வைத்திருக்கிறார். தரத்தைப் பார்க்கத் தெரிந்த கண்ணும் தரமான கையும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும் என்பதில்லை. நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்றும் பொருள் வைத்திருக்கிற நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது.

அந்த ஆளை விடுங்கள். அளவுகோலைப் பார்ப்போம். அதில் 60லிருந்து 70 வரையான பதினொரு படிகள் ஒருமுறைகூடப் புழக்கத்துக்கு வராத காசுகளுக்கு மட்டும். 63க்கும் 64க்கும் உள்ள வித்தியாசத்தை லென்ஸ் வைத்து மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். அது பையில் பக்கத்துக் காசு உரசிய ஒரு கீறலாக இருக்கலாம். கடைக்குப் போன காசு, கூலியாகப் போன காசு, மொய் எழுதிய காசு, முந்தானையில் முடிந்த காசு எல்லாவற்றுக்கும் மிஞ்சியது 60க்குக் கீழே. அங்கே கேட்கப்படுவது ஒரே கேள்வி: எவ்வளவு போயிருக்கிறது? எங்கே போயிற்று, எதனால் போயிற்று என்று கேட்க அந்த அளவுகோலில் வார்த்தை இல்லை.

இங்கேதான் லஸ்டர் கட்சியும் டோனிங் கட்சியும் போடும் சண்டையைக் கவனிக்க வேண்டும். முதல் கட்சி சொல்கிறது: காசு அச்சிலிருந்து விழுந்தபடி வெள்ளை வெளேரென்று இருக்கட்டும், நிறம் என்பது அரிப்பின் அழகான பெயர். இரண்டாம் கட்சி சொல்கிறது: காலம் வரைந்த ஓவியம் அது, எந்த இரண்டு காசும் ஒன்றுபோல இருக்காது, வெள்ளைக் காசு யாருக்கு வேண்டும்? கேட்டவுடன் நம் மனசு இரண்டாம் கட்சி பக்கம் சாயும். கவிதை வாசிக்கிற யாருக்கும் சாயும். பழுப்பேறிய பக்கத்தை, கறையை, காலத்தை நேசிக்கிறவர்கள் நாம்.

ஆனால் அந்த நிறம் எங்கே ஏறியது? அமெரிக்காவின் மார்கன் டாலர்தான் டோனிங் ரசனைக்குப் பேர்போன காசு. 1878லிருந்து 1904 வரையும் பிறகு 1921லும் அடித்தார்கள். வெள்ளிச் சுரங்கக்காரர்களின் நெருக்கடியால் வாங்கிய வெள்ளியை அடித்துத் தீர்க்க வேண்டியிருந்ததே தவிர, அத்தனை டாலர் யாருக்கும் தேவைப்படவில்லை. ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டி அரசுக் கருவூலப் பெட்டகங்களில் போட்டார்கள். பல பைகள் 1960களில்தான் வெளியே வந்தன. பையின் துணியை ஒட்டிக் கிடந்த காசின் ஒரு பக்கம் வானவில் ஏறிவிட்டது. அடுத்த காசு மறைத்த இடத்தில் பிறைவடிவில் வெள்ளை அப்படியே இருந்தது. இன்று பெரிய விலைக்குப் போகும் நிறம் அதுதான்.

அதாவது, காலம் என்று நாம் உருகுவது பூட்டிய அறைக்குள் கிடந்த காலம். கித்தானின் கந்தகம் வரைந்ததே தவிர, மனிதர் யாரும் அதில் இல்லை. லஸ்டர் கட்சி தேடுவதும் டோனிங் கட்சி தேடுவதும் ஒன்றுதான்: கை படாத காசு. இரண்டு கட்சிக்கும் பொது எதிரி மனிதக் கை. காசு என்பதே கைமாறுவதற்காகச் செய்யப்பட்ட பொருள். அதன் மிக உயர்ந்த நிலை அது காசாக ஒருநாளும் இருக்காமல் போனதுதான் என்கிறது இந்த ரசனை.

*

பெட்டகத்திலிருந்த டாலர்கள் எல்லாவற்றுக்கும் நிறமேறும் பாக்கியம் கிடைக்கவில்லை. ஒரு பெரும்பகுதி நம் ஊருக்கு வந்தது.

முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து சரக்கு போய்க்கொண்டே இருந்தது. சணல், தோல், கோதுமை, கூடவே சிப்பாய்கள். எல்லாவற்றுக்கும் இங்கே ரூபாயில் கொடுக்க வேண்டும். காகித நோட்டைக் கொண்டுபோய் நீட்டினால் வெள்ளி ரூபாய் எண்ணிக் கொடுப்பதாக அரசு வாக்குக் கொடுத்திருந்தது. மக்களும் நீட்டினார்கள். வெள்ளி பற்றவில்லை. 1917 நவம்பர் 30ஆம் தேதி முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அந்த நோட்டின் மேலேயே ஒரு வெள்ளி ரூபாயின் படத்தைப் போட்டிருந்தார்கள். ‘நம்புங்கள், இது அதுதான்’ என்பதுபோல. ஜனம் நம்பவில்லை. 1918 ஏப்ரல் வாக்கில் கையிருப்பு ஆபத்தான அளவுக்குக் கரைந்துவிட்டது.

அந்த மாதம் 23ஆம் தேதி அமெரிக்காவில் பிட்மன் சட்டம் நிறைவேறியது. பெட்டகத்திலிருந்த வெள்ளி டாலர்களை உருக்கி விற்கலாம் என்று அனுமதித்த சட்டம். 27 கோடிக்கு மேற்பட்ட டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் கிட்டத்தட்ட 26 கோடி டாலரின் வெள்ளி, இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. எந்த வருஷத்துக் காசு, எந்த நாணயசாலைக் காசு உருகியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. கட்டியாக வந்த வெள்ளி, கல்கத்தா, பம்பாய் நாணயசாலைகளில் ஐந்தாம் ஜார்ஜின் தலையோடு மறுபடி காசாயிற்று. 1918ல் மட்டும் இரண்டு சாலையிலுமாக நாற்பது கோடிக்கு மேல் ரூபாய் அடித்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். டாலரின் எடை 26.73 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு டாலரை உருக்கினால் இரண்டே கால் ரூபாய் வரும்.

பெரியம்மாவின் சுருக்குப்பையில் 1918, 1919, 1920 என்று தேதி போட்ட காசுகள் இருக்கின்றன. அந்த வெள்ளி அமெரிக்காவிலிருந்து வந்ததுதான் என்று எந்தக் காசையும் தனியாகக் காட்டிச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கொப்பரையில் கலந்தது. ஆனால் அப்படி வந்ததாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அப்படியானால் இது இரண்டு உடன்பிறப்புகளின் கதை. ஒன்று பையிலேயே தங்கி வானவில் பூசிக்கொண்டு, பேழைக்குள் 66 என்று எண் வாங்கி உட்கார்ந்திருக்கிறது. மற்றொன்று உருகி, கடல் தாண்டி, மறுபடி அச்சில் அடிபட்டு, வேலைக்குப் போய், ராஜாவின் மீசை தேய்ந்து வந்து நிற்கிறது. இரண்டாவதற்குக் கிடைத்த மதிப்புரை: ‘தேய்த்த காசு, எடைக்குத்தான்.’

*

‘எடைக்குத்தான்’ என்பது இன்று வசவு. ஒருகாலத்தில் அதுவே முழுத் தீர்ப்பு. ரூபாய் காசு மட்டும் அல்ல, எடைக்கல்லும்கூட. ஒரு ரூபாய் எடை ஒரு தோலா, மூன்று தோலா ஒரு பலம். நாட்டு மருந்துக் கடையில் தராசின் ஒரு தட்டில் ரூபாயைப் போட்டு மறு தட்டில் சுக்கு நிறுத்தார்கள். காசு தன் எடைக்கு நேர்மையாக இருந்தாக வேண்டும்.

மதுராந்தகத்துக்காரர்களுக்குத் தரம் பார்ப்பது புதிதல்ல. சோழர் கல்வெட்டுகளில் மதுராந்தகன் மாடை என்றே ஒரு பொற்காசு வருகிறது. ஊரிலிருந்து செய்யூர் வழியாகக் கிழக்கே போய்க் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் கடப்பாக்கம். அங்கே கழிமுகத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஆர்க்காட்டு நவாபு காலத்தில் அங்கே நாணயசாலை இருந்தது. 1750ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760ல் ஆங்கிலேயர் பிடித்து உடைத்துப் போட்டார்கள். படம் எடுக்க வருகிறவர்களுக்கு இன்று அது செங்கல் சுவரும் படகும் உள்ள ஓர் அழகான இடம். காசு அடித்த சத்தம் கேட்ட இடம் என்று பலருக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் ரூபாய்க்குத் தரம் போட்டவர்கள் சராப்புகள், அதாவது காசு மாற்றுகிறவர்கள். வங்காளத்தில் இது ஒரு முழு அமைப்பாகவே இருந்தது. அந்த ஆண்டு அடித்த சிக்கா ரூபாய்க்கு முழு மதிப்பு. அடுத்த ஆண்டு அதே காசுக்கு வட்டம், அதாவது தள்ளுபடி. அதற்கடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம். காசு தேயவே இல்லை என்றாலும் வயசானதற்கே தண்டனை. கம்பெனிக்கு இது பெரிய தலைவலி. 1793ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எப்போது அடித்தாலும் சரி, காசில் ஷா ஆலம் பாதுஷாவின் 19ஆம் ஆட்சியாண்டு என்றே போடு. வயசே தெரியாவிட்டால் எப்படித் தள்ளுபடி கேட்பான்? பிற்காலத்தில் விக்டோரியா ரூபாயிலும் 1862 என்ற ஆண்டையே பத்து வருஷத்துக்கு மேல் மாற்றாமல் அடித்தார்கள். அதற்கும் சராப்பு பயம்தான் காரணம் என்பார்கள்.

சராப்பு நல்லவன் என்று சொல்லவரவில்லை. ஏழையின் கையிலிருந்த பழைய ரூபாயில் வயிறு வளர்த்தவன். ஆனால் அவன் விமர்சனம் ஒரு விஷயத்தில் நேரடியானது. காசைச் சுண்டிச் சத்தம் கேட்டான், நிறுத்தான், சந்தேகம் வந்தால் ஒரு குத்துக் குத்தி உள்ளே வெள்ளிதானா என்று பார்த்தான். அந்தக் குத்து இன்றும் பழைய ரூபாய்களின் மேல் இருக்கிறது. பனுவலின் ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்ட குறிப்பு மாதிரி. இன்றைய கிரேடருக்கு அது சேதம். எனக்கு அது ஒரு வாசிப்பின் தடயம்.

இன்னும் பின்னால் போனால் நம்மிடம் வண்ணக்கன் இருக்கிறான். நாணயத்தின் நோட்டம் பார்ப்பவன் என்று பொருள் சொல்கிறார்கள். சங்கப் புலவர் வரிசையில் விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்று பெயர்களைப் பார்க்கலாம். பகலில் காசைச் சோதித்த கண், அகப்பாட்டும் எழுதியது. காசு என்ற சொல்லுக்கே பழந்தமிழில் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. காசறு என்றால் குற்றமற்ற. இந்த இரண்டு பொருளும் வேறு வேறு வேரிலிருந்து வந்திருக்கலாம். ஆனாலும் கறையும் நாணயமும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, கறையில்லாத காசைத் தேடும் ஆசை கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

*

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இது பெரியம்மாவுக்குப் போட்ட வக்காலத்தாகிவிடும்.

முதலாவது, தேய்மானத்தைக் கொண்டாடுவதும் ஒரு ரொமான்டிசிசம்தான். தேய்ந்த காசு தன் கதையைச் சொல்வதில்லை, கதை இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். மிச்சத்தை நாம் இட்டுக்கட்டுகிறோம். கை படாத காசில் செதுக்கியவரின் ஒவ்வொரு கோடும் இருக்கிறது. ஜார்ஜின் அங்கியில் உள்ள யானை எவ்வளவு சின்னதாக, எவ்வளவு துல்லியமாக இருந்தது என்பதை அதில்தான் பார்க்க முடியும். அதைக் காப்பாற்றியது சேகரிப்பாளர்தான். அவர் இல்லையென்றால் பாதிக்கு மேல் கொலுசாகவும் அரைஞாணாகவும் ஆகியிருக்கும்.

இரண்டாவது, தேய்ப்பது அழிக்கவும் செய்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பம்பாய்க் காசு எது, கல்கத்தாக் காசு எது என்று சொல்வது பின்பக்கம் கீழே உள்ள ஒரு சின்னப் புள்ளிதான். புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. நூறு ஆடி வெள்ளி விபூதி பட்டால் அந்தப் புள்ளி என்ன ஆகும்? பம்பாய்க் காசு பக்தியால் கல்கத்தாக் காசாக மாறிவிடும்.

இதே சிக்கல் நம் செப்புத்திருமேனிகளிலும் உண்டு. வழிபாட்டில் இருக்கும் திருமேனிக்கு நூற்றாண்டுகளாக அபிஷேகம் செய்து, துடைத்து, கண்ணும் மூக்கும் மழுங்கிப்போயிருக்கும். நாம் அருங்காட்சியகத்தில் நின்று வியக்கும் கூர்மையான முகம் பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்து கிடந்ததால் தப்பியது. திருவெண்காட்டில் கிடைத்து இப்போது தஞ்சாவூர் கலைக்கூடத்தில் நிற்கும் ரிஷபவாகனர், ராஜராஜன் காலத்தவர். அந்த நுட்பம் நமக்கு மிஞ்சியது அவர் பல நூறு வருஷம் யாரும் தொடாமல் மண்ணில் கிடந்ததால். அதற்காக மண்ணுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஊர்க்கோயிலில் முகம் மழுங்கி நிற்கிற திருமேனியைப் பார்த்து ‘மட்டமான நிலை’ என்று எழுதினால், எழுதினவருக்கு அது என்ன பொருள் என்றே தெரியவில்லை என்று அர்த்தம்.

என் புகார் அவ்வளவுதான். கை படாத காசை விரும்பாதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரே அளவுகோலில் எல்லாவற்றையும் நிறுத்தி, அந்த எண்ணையே காசின் மதிப்பு என்று நம்பிவிடுவதைத்தான் சொல்கிறேன். எண் வந்தவுடன் பார்ப்பது நின்றுவிடுகிறது. பேழையின் மேலிருக்கும் சீட்டை வாசித்துக் காசை வாங்குகிறார்கள். நிறத்துக்கு விலை ஏறியவுடன் நிறத்தைச் சமைக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். கந்தகம் பூசி, சூடு காட்டி, ஒரே ராத்திரியில் அறுபது வருஷம் ஏற்றுகிறார்கள். புத்தகத்துக்கு நட்சத்திரம் போட்டுவிட்டு நகர்கிற நமக்கு இது புரியாத வியாதி இல்லை.

ஒரு வண்ணக்கன் வந்து அந்த ஏழு காசுக்கும் எண் போடாமல் குறிப்பு மட்டும் எழுதினால் எப்படி இருக்கும்? எட்வர்டு: விளிம்பில் ஒரு வெட்டு, நடுவில் தேய்மானம் குறைவு, கொஞ்சநாள்தான் புழங்கியிருக்க வேண்டும். மூன்று ஜார்ஜ்: வருஷாவருஷம் தேய்த்தவை, எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாக விபூதி. இன்னொரு ஜார்ஜ்: மேல்விளிம்பில் பற்றவைத்த தடம், யார் கழுத்திலோ தொங்கியிருக்கிறது, எந்தக் கஷ்டத்திலோ கழற்றியிருக்கிறார்கள். 1918: புள்ளி உண்டு, பம்பாய். நீலமும் ஊதாவும் காகிதத்தின் வேலை. நடுவே குறுக்காக ஒரு கறுப்புக் கோடு, அது ரப்பர் பேண்டு. விக்டோரியா: தேதி 1862, அதை நம்ப வேண்டாம். கழுத்தருகே இரண்டு சராப்புக் குத்து. முகம் இல்லை.

*

அன்றைக்குக் கடைசியில் பெரியம்மாதான் தீர்ப்புச் சொன்னார். “அந்த நீலத்தை நீ எடுத்துக்கோ. எனக்கு அது ஒத்துவராது. மத்ததைக் குடு.”

ஆறையும் தேய்த்தார். ராணியை மட்டும் கடைசிவரை வைத்திருந்து, கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். “எங்கம்மா குடுத்தப்ப இவளுக்கு மூக்கு இருந்துச்சு. என் கை பட்டுப்பட்டே போச்சு.” அதில் வருத்தம் இருந்ததா பெருமை இருந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஆறும் கலசத்துக்குள் கிடந்தன.

நீலக் காசு போன மாதம் போய்விட்டது. மற்ற ஆறுக்கும் சேர்த்துக் கேட்ட விலையைவிட அதிகமாகவே கிடைத்தது. விடுதிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அதை வைத்துக் கட்டியாயிற்று. வாங்கியவர் அதைப் பேழைக்குள் போட்டிருப்பார், ஓர் எண்ணும் கிடைத்திருக்கும். இனி யார் விரலும் அதன்மேல் படாது. ஆனால் அதற்கு முன்னால், எத்தனையோ வருஷம் பீரோவின் அடித்தட்டில் சும்மா கிடந்த அந்த ரூபாய், ஒரே ஒரு தடவை கைமாறி, ஒரு பெண் படிப்பதற்குப் போய்ச்சேர்ந்தது. 1918ல் அதை அடித்தவர்கள் அதனிடம் எதிர்பார்த்த வேலை அதுதான்.